கீழே ஓடிய வரி

கேபிளண்ணன் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் ஆளைப் பார்க்கமாட்டார், டிவியைப் பார்ப்பார். எந்தச் சேனல் ஓடுகிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அவருக்கு முகமே வரும். எங்கள் வீட்டில் ஒரு முகம், எதிர் வீட்டில் இன்னொரு முகம். ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, செருப்பை ஓரமாகக் கழற்றிப் போட்டுவிட்டு, சாயா வருகிறவரை அந்த வீட்டுக்காரர் சொல்வதையெல்லாம் காது கொடுத்துக் கேட்பார். முடிவில் ஒன்றே ஒன்று சொல்வார். "பின்னே! அப்படித்தானே."

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் மட்டாஞ்சேரியில் இன்றும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் கிளம்பி வருவார்கள். எங்கள் சந்தில் தமிழருக்கு அவர் கேபிளண்ணன், மலையாளிகளுக்குக் கேபிள் சேட்டன். எங்களைப் போலவே தாத்தா காலத்தில் தென்காசிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். வீட்டில் தமிழ் பேசுவார், எழுதச் சொன்னால் சிரித்து மழுப்புவார். மலையாளம் என்றால் அச்சடித்த மாதிரி எழுதுவார். அந்த எழுத்துதான் கடைசியில் அவரைச் சந்தியில் நிறுத்தியது.

ரிமோட்டைக் கையில் வாங்கினாலே அவருக்கு அந்த வீட்டு அரசியல் விளங்கிவிடும். எங்கள் ரிமோட்டில் இரண்டு எண்கள் அழிந்து, அந்த இடம் மட்டும் வழவழவென்று இருக்கும். அது என் அண்ணனுடைய சேனல். எதிர் வீட்டு வேலப்பன் சேட்டனின் ரிமோட்டில் அழிந்திருந்தவை வேறு எண்கள். "தேஞ்ச பட்டனைப் பார்த்தா போதும் தங்கச்சி. எந்த வீட்டுல என்ன பேசக்கூடாதுன்னு தெரிஞ்சிடும்" என்று ஒருநாள் என்னிடம் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

எங்கள் வீட்டில் நாலு பேர். அண்ணன் கார்ப்பரேஷனில் குப்பை லாரி ஓட்டுகிறான். அண்ணி வீட்டில் இருக்கிறாள். நான் கொச்சங்காடியில் ஒரு கிடங்கில் சுக்கு தரம் பிரிக்கிறேன். கல்யாணம் காட்சி என்று எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. நாலாவது ஆள் மீனு, அண்ணன் மகள், அப்போது ஒன்றாம் வகுப்பு. கேபிளண்ணனின் மகளும் அவளும் ஒரே பெஞ்சு. நாலு பேருக்கும் சேர்த்து ஒரு டிவி இருந்தது. ஆனால் ரிமோட் அண்ணனுடையது.

ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணனின் சேனலில் விவாதம் தொடங்கும். அதே நேரத்தில் எதிர் வீட்டுச் சேனலிலும் தொடங்கும். சந்து குறுகல். இந்தப் பக்கம் ஒருவன் கத்துவதற்கு அந்தப் பக்கம் ஒருவன் பதில் சொல்வது போலவே இருக்கும். அண்ணன் சத்தத்தைக் கூட்டுவான், வேலப்பன் சேட்டனும் கூட்டுவார். ஒரு தடவை வேலப்பன் சேட்டன் கேபிளண்ணனைப் பிடித்து, "எடா, அவன்டெ சேனல் நீ கட் செய்யணும்" என்றார். "பின்னே! அப்படித்தானே சேட்டா" என்றார் இவர். அண்ணன் அதையே திருப்பிக் கேட்டபோது அவனுக்கும் அதே பதில். அடுத்த சில நாள் இரண்டு வீட்டிலும் விவாத நேரத்துக்குப் படம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மழையால் லைன் பழுது என்றார். வானத்தில் ஒரு மேகம் கிடையாது. மீனு நிம்மதியாகக் கார்ட்டூன் பார்த்தாள். அந்தச் சாமர்த்தியத்துக்காகவே எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

ஊருக்குள் ஓடும் கேபிள் சேனலில் கீழே ஒரு வரி ஓடுமே, அதை எழுதுவதும் அவர்தான். கரண்ட் எப்போது போகும், கோயில் கொடியேற்றம் என்றைக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக யார் செத்தார்கள் என்று அதில்தான் வரும். எங்கள் சந்து ஆட்களுக்குப் பெரிய சேனல்களில் தங்கள் சேனல் மட்டும்தான் உண்மை பேசும், மற்றது பொய். ஆனால் இந்த வரியை மட்டும் இரண்டு பக்கமும் நம்பினார்கள். அதில் வராத சாவு சாவே இல்லை. ஒரு மிளகு வியாபாரி இறந்தபோது, மூத்த தாரத்துப் பிள்ளைகள் பெயர் முதலில் வர வேண்டும் என்று ஒரு கூட்டமும், இளைய தாரத்துப் பிள்ளைகள் முதலில் என்று இன்னொரு கூட்டமும் அவரைப் பிய்த்துப் பிடுங்கின. காலையில் மூத்தவர்கள் முன்னால் ஓடினார்கள், மத்தியானத்துக்குமேல் இளையவர்கள் முன்னால் ஓடினார்கள். இரண்டு வீட்டிலும் சாயா குடித்துவிட்டு வந்தார்.

இந்த மனிதர் யாரையும் கெடுக்கமாட்டார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

ஊசி விஷயம் எங்கள் சந்தில் எப்படிப் புரண்டது என்பதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். கொரோனா சமயத்தில், ஊசி போடாதவன் சமூக விரோதி என்று முழங்கியது என் அண்ணன். வேலப்பன் சேட்டன்தான் அதில் என்னென்னவோ கலந்திருக்கிறது என்று போனில் வந்ததையெல்லாம் எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தார். பிறகு வார்டுத் தேர்தல் வந்தது. அண்ணனின் ஆள் தோற்றார், வேலப்பன் சேட்டனின் ஆள் கவுன்சிலரானார். இடக்கொச்சிப் பக்கம் ஒரு பையனுக்குத் தொண்டை அடைப்பான் வந்திருக்கிறது, பிள்ளைகளுக்கு விட்டுப்போன ஊசியைப் போட வேண்டும் என்று சுகாதாரத் துறை சிஸ்டர் வந்து சொன்னபோது, வாசகசாலையில் முகாம் ஏற்பாடு செய்தது புதுக் கவுன்சிலர். அவ்வளவுதான், இருவரும் வாயை மாற்றிக்கொண்டார்கள். ஊசியின் பெருமையை வேலப்பன் சேட்டன் பாட, அண்ணன் சந்தேகப்பட்டான்.

வாசகசாலை வாசலுக்குக் குறுக்கே பெரிய ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். அதில் கவுன்சிலர் கைகட்டிச் சிரித்தார். ஒரு மூலையில், தேடினால் கிடைக்கிற அளவுக்கு, ஊசியின் படம் இருந்தது.

"இது சீக்குக்கு வச்ச முகாமா, அவன் மூஞ்சிக்கு வச்ச முகாமா?" என்றான் அண்ணன். அவனுடைய சேனலில் யாருக்காக இந்த அவசரம் என்று விவாதம் ஓடியது. எந்த ஊர் என்றே தெரியாத ஊரில் ஊசி போட்ட பிள்ளை மயங்கி விழுந்த வீடியோ ஒன்று அவன் போனுக்கு வந்தது. அவன் பார்த்தான், பிறகு அண்ணிக்குக் காட்டினான், அதற்கும் பிறகு மீனுவுக்கே காட்டினான். குழந்தை பயந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

மீனுவுக்கு ஒன்றரை வயதில் போட வேண்டியது ஊரடங்கில் விட்டுப்போனது. ஐந்து வயதுக்கு உள்ளதும் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தது. நானும் அண்ணியும் சேர்ந்து இழுத்திருந்தால் அண்ணன் வந்திருப்பான் என்றே இன்னமும் நினைக்கிறேன். ஆனால் அன்று சாயங்காலம் வேலப்பன் சேட்டன் தன் வாசலில் நின்றுகொண்டு, எங்கள் காதில் விழ வேண்டுமென்றே சொன்னார்: "விவரமில்லாத்த கூட்டமாணு. சொந்தம் பிள்ளேரெ கொல்லும், நம்முடெ பிள்ளேரெயும் கொல்லும்." அதற்குப் பிறகு அண்ணனுக்கு ஊசி வெறும் ஊசியாக இல்லை. மீனுவுக்கு அதைப் போட்டால் வேலப்பனிடம் தோற்றதாக ஆகும்.

அந்த நேரம் பார்த்து கேபிளண்ணன் பெட்டியைச் சரிபார்க்க வந்தார். டிவியைப் பார்த்தார், முகத்தை மாற்றிக்கொண்டார்.

"நம்ம குட்டிக்கு ஒரு கேடும் இல்ல. பின்ன எதுக்குடே குத்தணும்?" என்றான் அண்ணன்.

"பின்னே! அப்படித்தானே அண்ணாச்சி."

நான் வாசல்வரை அவர் பின்னாலேயே போய், "அண்ணே, எதிர் வீட்டுல என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு சிரித்தார். "அங்க சொன்னதை இங்க சொன்னா எனக்கு யாரு சாயா தருவா தங்கச்சி?"

"உங்க மகளுக்குப் போடுவீங்களா மாட்டீங்களா, அதைச் சொல்லுங்க."

"பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக் கம்பத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

இரண்டு நாளில் விடை எனக்குக் கிடைத்தது. கிடங்குச் சரக்கு ஒன்றை பஸ்ஸில் ஏற்றிவிட வைட்டிலாவுக்குப் போயிருந்தேன். திரும்புகிற வழியில் ஒரு கிளினிக்கிலிருந்து கேபிளண்ணன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். அவள் ஒரு கையால் மிட்டாயைச் சப்பிக்கொண்டு வந்தாள், மற்றத் தோளில் ஒரு பஞ்சு ஒட்டியிருந்தது. மட்டாஞ்சேரியில் இல்லாத டாக்டரா? நாலு பேர் பார்க்காத ஊர் வேண்டும் என்றுதான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

என்னைப் பார்த்ததும் அவருக்கு எந்த முகம் வைப்பதென்று தெரியவில்லை. "பல்லு வலி தங்கச்சி. காட்டிட்டுப் போலாம்னு..."

"பல்லு இல்ல அப்பா, கையி" என்றது பிள்ளை.

அவர் அவள் தலையைத் தடவி, வந்த பஸ்ஸில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார். பல்வலிக்குத் தோளில் பஞ்சு வைக்கிற டாக்டரை நான் அன்றுதான் பார்த்தேன். கோபத்தை மீறி எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அண்ணன் யார் பேச்சைக் கேட்காவிட்டாலும் கேபிளண்ணன் செய்ததைப் பார்த்தாவது இறங்கி வருவான் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுமுன்னே சொல்லிவிட்டேன். அண்ணி உடனே உள்ளே போய், முகாமுக்குப் போட்டுவிடலாம் என்று மீனுவின் கையில்லாத கவுனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதுவரைக்கும் அவள் எங்கே அந்த ஆசையை ஒளித்து வைத்திருந்தாளோ.

அண்ணன் போனை எடுத்தான். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"டேய், உன் மோளுக்கு ஊசி போட்டியாமே?"

அந்தப் பக்கம் அவர் வீட்டு டிவியின் சத்தம் மட்டும் லேசாக வந்தது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனதுக்குள் கத்தினேன்.

"ஏய், யாரு சொன்னா? பல்லு வலிக்குக் காட்டினேன் அண்ணாச்சி."

"என் தங்கச்சி கண்ணால பார்த்தேங்குறா."

"தங்கச்சி தெரியாம சொல்லுது. நம்ம ஆளுங்க யாராவது போடுவாங்களா?"

"கேட்டியா?" என்று அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அண்ணி கவுனை மடித்து மறுபடி உள்ளே வைத்தாள். முகாம் நடந்தது, முடிந்தது. அண்ணன் கட்சிப் பக்கத்து வீடுகளிலிருந்து ஒரு பிள்ளையும் போகவில்லை. அவர்கள் பக்கத்திலும் பாதிப் பேர் போகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கத்தினவர்கள் எல்லோரும் போட்டவர்கள் அல்ல.

கொஞ்ச நாளில் மீனு தொண்டை வலிக்கிறது என்றாள். அண்ணி உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னாள். மறுநாள் காய்ச்சல் வந்தது. ஐஸ் தின்றிருப்பாள் என்றான் அண்ணன். நான் கிடங்கிலிருந்து திரும்பிய ஒரு சாயங்காலம் அவள் கழுத்து வீங்கி, தாடை எது கழுத்து எது என்று தெரியாமல் இருந்தது. மூச்சு விடும்போது ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை நான் விவரிக்கப் போவதில்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் ஏதோ படர்ந்திருந்ததை நானும் பார்த்தேன். "இதுக்கு ஊசி போட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள். அண்ணன் தரையைப் பார்த்தான்.

தனி அறை. விஷத்தை முறிக்கிற மருந்து வேறு ஊரிலிருந்து வர வேண்டியிருந்தது. வந்தது, ஏற்றினார்கள். வீக்கம் கொஞ்சம் வடிந்தது. ஒருநாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பழம்பொரி தின்ன வேண்டும் என்று கையால் காட்டினாள். அண்ணி சிரித்துக்கொண்டே அழுதாள். தொண்டையோடு போனால் சரி, இருதயத்தைப் பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதை நாங்கள் அந்தச் சந்தோஷத்தில் சரியாகக் காதில் வாங்கவில்லை.

அன்றுதான் கேபிளண்ணன் வந்தார். ஏணி இல்லாமல் அவரைப் பார்க்க வேறு யாரோ போல் இருந்தது. கையில் கஞ்சி ஃப்ளாஸ்க். வராந்தாவில் என்னைப் பார்த்ததும் நின்றார். அவர் கண் பழக்கதோஷத்தில் சுவரைத் தேடியது. அங்கே டிவி இல்லை.

"உங்க மகளுக்குப் பல்வலி தேவலையா அண்ணே?" என்று கேட்டேன்.

நாக்கில் விஷம் வைத்துத்தான் கேட்டேன். மறைக்க என்ன இருக்கிறது? அவர் ஃப்ளாஸ்க்கை பெஞ்சில் வைத்தார், மறுபடி எடுத்தார், மறுபடி வைத்தார். வாயைத் திறந்தார். அந்த "பின்னே"கூட வரவில்லை. திரும்பிப் போய்விட்டார்.

அதற்கு மூன்றாம் நாள் விடிகிற நேரத்தில் மீனுவின் இருதயம் நின்றது.

வீட்டுக்குள் அழுகை ஓயுமுன்னே வாசலில் வேறு பேச்சு தொடங்கிவிட்டது. அண்ணனின் கட்சிக்காரர் ஒருவர் அவன் தோளில் கைபோட்டு, "வரியில காய்ச்சல்னு மட்டும் போடச் சொல்லு. இல்லேன்னா அவனுங்க உன் பிள்ளை போட்டோவை வச்சே நாளைக்கு முகாம் நடத்துவானுங்க" என்றார். அண்ணன் பொம்மை மாதிரி போனை எடுத்து கேபிளண்ணனிடம் சொன்னான். "காய்ச்சல்னு போடு." அதே நேரம் கவுன்சிலர் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் கேபிள் ஆபீசுக்கே போய், ஊசி போடாததால் செத்தது என்று போடு, கீழே கவுன்சிலரின் அனுதாபத்தையும் போடு, அடுத்த முகாம் நாளைக்கு என்றும் போடு என்று நின்றிருக்கிறார்கள். என் குழந்தை கூடத்தில் கிடக்கிறாள். அவளை எந்தப் பக்கத்துக்குச் செத்தவளாக்குவது என்று இவர்கள் அடித்துக்கொள்கிறார்கள். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

சாவு வீட்டில் டிவி போடக்கூடாது. வரி சரியாக ஓடுகிறதா என்று பக்கத்து வீட்டில் ஒருவர் போய்ப் பார்த்து வருவது எங்கள் சந்து வழக்கம். நான் முத்துலட்சுமி அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்து மார்க்கெட்டில் காய்கறி விற்பவள். இரண்டு சின்னப் பிள்ளைகள். மலையாளம் பேசுவாள், படிக்கத் தெரியாது. பெட்டி முன்னால் சந்தே கூடியிருந்தது. நான் ஒவ்வொரு சொல்லாகப் படித்துத் தமிழில் சொன்னேன்.

மீனுவின் பெயர் வந்தது. வயது வந்தது. வீட்டுப் பெயர் வந்தது. பிறகு, தொண்டை அடைப்பான் நோயால் இறந்தாள், அடக்கம் இன்று சாயங்காலம் என்று வந்தது. அண்ணன் சொன்ன காய்ச்சலும் இல்லை, அவர்கள் சொன்ன அனுதாபமும் இல்லை.

அதன் வாலிலேயே இன்னொன்று ஓடியது. "இந்த வரியை எழுதும் கேபிள்காரன் சொல்வது. என் மகளுக்கு நான் ஊசி போட்டேன். வைட்டிலாவுக்குக் கொண்டுபோய், யாரும் பார்க்காமல் போட்டேன். மீனுவின் அப்பா கேட்டபோது..."

என் குரல் நின்றுவிட்டது. எழுத்து நிற்கவில்லை, போய்க்கொண்டே இருந்தது.

"ஏன் நிறுத்திட்ட? என்ன போட்டிருக்கான்? சொல்லு" என்று அக்கா என் தோளை உலுக்கினாள்.

போனது போய்விட்டது. திரும்ப வரும்வரை காத்திருக்க வேண்டும். பிரியாணிக் கடை விளம்பரம் ஓடியது. ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி ஓடியது. தண்ணீர் வராத தெருக்கள் ஓடின. மறுபடி மீனு வந்தாள். மறுபடி அந்த வரி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிவரை படித்தேன். "மீனுவின் அப்பா கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னேன். ஒவ்வொரு வீட்டிலும் அந்தந்த வீட்டுக்காரர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். நாளைக் காலை முகாம் வாசலில் என் மகளோடு நிற்பேன். என்னைக் கேட்க வேண்டியதை அங்கே வந்து கேளுங்கள்."

முத்துலட்சுமி அக்கா தன் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள்.

கேபிளண்ணன் ஆபீஸ் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு, மீனுவை அடக்கம் செய்கிறவரை அந்த வரியை ஓட்டிக்கொண்டே இருந்தார். வெளியே இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே கதவை உடைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வார்டில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான். ஊசியைப் பற்றி அவர்களுக்கு அவ்வளவு கோபமில்லை. தங்கள் வீட்டில் சாயா குடித்துவிட்டு எதிராளி வீட்டிலும் தலையாட்டினானே என்பதில்தான் கோபம். கதவைத் திறந்து வெளியே வந்தவரை யார் அடித்தது, எந்தப் பக்கத்துக் கை என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலையில் நான் வாசகசாலை முனையில் போய் நின்றேன். ஏன் போனேன் என்று கேட்டால் தெரியாது. அவர் வரமாட்டார் என்று பார்க்கப் போனேனோ என்னவோ. உதடு கிழிந்து, ஒரு கண் வீங்கி, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஏணி சுவரில் சாய்ந்திருந்தது. வாசலுக்குக் குறுக்கே இருந்த ஃப்ளெக்ஸை அவிழ்த்து, சுருட்டி ஓரமாகப் போட்டிருந்தார். அந்த மூஞ்சிக்குக் கீழே குனிந்து போக எங்கள் பக்கத்து ஆண்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? கவுன்சிலரின் ஆட்கள் வந்து ஏணியை இரண்டாக முறித்தார்கள். அவர் தடுக்கவில்லை. வாசலை விட்டு நகரவும் இல்லை.

வெகுநேரம் ஒருவரும் வரவில்லை. தூரத்தில் கூடி நின்று, "துரோகி" என்று இங்கிருந்தும் அங்கிருந்தும் கத்தினார்கள். அப்புறம் முத்துலட்சுமி அக்கா காய்க்கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு வந்தாள். அவரைப் பார்க்கவில்லை. அவர் மகளிடம் குனிந்து, "வலிச்சுதாம்மா?" என்று கேட்டாள்.

"கொஞ்சூண்டு" என்றது பிள்ளை.

அக்கா உள்ளே போனாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். தங்கள் ஆட்களின் கண்ணில் பட விரும்பாதவர்கள் அந்த வாரமே இடக்கொச்சிக்கும் மற்ற இடங்களுக்கும் பிள்ளைகளைக் கொண்டுபோனதாகச் சிஸ்டர் பின்னால் சொன்னாள். வேலப்பன் சேட்டனின் பேரப்பிள்ளைகளும் அதில் இருந்தார்கள்.

கேபிளண்ணனுக்கு வேலை போயிற்று. இரண்டு பக்கத்திலும் வீடு வீடாக இணைப்பை அறுத்தார்கள். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். இடக்கொச்சியில் மனைவி வீட்டுப் பக்கம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். நல்லதுதான், இனி கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். அவர் வரியால் எத்தனை பிள்ளைகள் பிழைத்தார்களோ, எனக்கு அந்தக் கணக்கெல்லாம் ஓடவில்லை. போனில் அண்ணன் கேட்டபோது 'ஆமாம்' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் என் மண்டையில் ஓடவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அவராகவே வந்தார். மத்தியான நேரம். அண்ணன் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். டிவியின் மேல் அண்ணியின் பழைய சேலை ஒன்று போர்த்தியிருந்தது. மீனு போனதிலிருந்து அதை யாரும் எடுக்கவில்லை. நான் சமையலறை வாசலில் நின்றேன். செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், டிவி இருந்த மூலையின் பக்கமே திரும்பவில்லை. நேராக அண்ணன் முகத்தைப் பார்த்தார்.

"எல்லாம் உன்னாலதான்டா" என்றான் அண்ணன்.

"பின்னே" என்றார். "அப்படித்தானே."

ஒரு 'ஆனால்' வரும் என்று அண்ணன் காத்திருந்தான். நானும் காத்திருந்தேன். வரவில்லை. அவர் கையைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றார். சண்டைக்கு ஆள் கிடைக்காத அண்ணன் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான்.

"நான்தான்டா வேண்டாம்னேன். நீ ஆமான்னே, அவ்வளவுதான். என் பிள்ளையை நான்தான்டா கொன்னேன்."

எல்லா வீட்டிலும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிய மனிதர், அதற்கு மட்டும் தலையாட்டவில்லை. சமையலறை வாசலில் நின்றிருந்த நான் ஆட்டினேன்.